‘அந்தக் கூண்டு எதுக்கு அண்ணாச்சி?’ – எம்ஆர்ஐ காயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், நாங்குநேரி, திசையன்விளை என்று எங்கிருந்து வந்தாலும், டேபிளில் படுக்கும்போது கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. வெளியே அடுத்தவர் காத்திருப்பார் என்பதால் நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தக் குறை தீரத்தான் இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

எல்லாரும் அந்தப் பெரிய மெஷினைத்தான் பார்க்கிறார்கள். படம் தெளிவாக வருமா வராதா என்பதில் பெரும்பங்கு உடம்பின் மேல் நாங்கள் வைக்கும் காயிலுக்கு உண்டு. கடந்த முப்பது, முப்பத்தைந்து வருடத்தில் அதிகம் மாறியதும் அதுதான்.

அண்ணாச்சி, தலையில கூண்டு மாதிரி ஒண்ண மாட்டுறீங்களே, அது எதுக்கு?

அதுதான் காயில். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் செம்புப் பட்டையால் ஆன வளையங்கள் இருக்கும். ரேடியோ பெட்டிக்கு ஏரியல் எப்படியோ, மெஷினுக்கு இது அப்படி. உங்கள் உடம்பிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ சிக்னலைப் பிடிப்பது இதன் வேலை.

உடம்பிலிருந்து ரேடியோ சிக்னலா என்று கேட்பீர்கள். நெல்லையப்பர் கோவில் இசைத்தூண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தூணைத் தட்டினால், அதே சுரத்துக்கு இசைந்த இன்னொரு தூணும் சேர்ந்து அதிரும் என்று காட்டுவார்கள். சுரம் ஒத்துப்போகாத தூண் சும்மா நிற்கும். உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் இருக்கும் இடமெல்லாம் ஹைட்ரஜன் இருக்கிறது. காந்தத்துக்குள் போனதும் அதன் அணுக்கரு ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘சுரம்’ வந்துவிடும்: காந்த பலத்தை அளக்கும் அலகான டெஸ்லா ஒன்றுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். அதே சுரத்தில் ரேடியோ அலையைக் கொடுத்தால் அவை வாங்கிக்கொள்ளும். நிறுத்தினால் திருப்பிக் கொடுக்கும். திரும்பி வருவதைத்தான் படமாக்குகிறோம்.

அலையைக் கொடுப்பது பெரும்பாலும் வேறொரு காயில். நீங்கள் நுழையும் குகையின் சுவருக்குள் அது ஒளிந்திருக்கிறது. பறவைக்கூண்டு போல வரிசையாகக் கம்பிகள் கொண்ட அந்த வடிவத்தை 1985-ல் ஆராய்ச்சியாளர் செசில் ஹேய்ஸும் அவருடன் வேலை பார்த்தவர்களும் வெளியிட்டார்கள். இன்றும் பெரும்பாலான மெஷின்களில் அதுதான். பேசுவது அது, கேட்பது உங்கள் தலையில் மாட்டிய கூண்டு.

இதுவும் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சுதான? கேன்சர் கீன்சர் வந்திராதே?

எக்ஸ்ரே இதில் கிடையாது. 1.5 டெஸ்லா மெஷின் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, 3 டெஸ்லா சுமார் 128-ல். நாம் எஃப்எம் கேட்பது 88 முதல் 108 வரை. அதாவது ஒன்று எஃப்எம்முக்குக் கொஞ்சம் கீழே, மற்றது கொஞ்சம் மேலே. அணுவைப் பிளக்கவோ மரபணுவை அறுக்கவோ இந்த அலைக்குத் தெம்பு இல்லை. அது செய்யக்கூடியது ஒன்றுதான்: சூடாக்கும்.

நாங்குநேரிப் பக்கத்து ஆட்கள் விஜயநாராயணம் கடற்படை டவரை நினைத்துப் பயப்படுவதுண்டு. அந்த டவர்கள் 400 மீட்டருக்கு மேல் உயரம். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி போக வேண்டும் என்பதற்காக அத்தனை பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். காயிலோ அலையைத் தூரத்துக்கு அனுப்புவதற்காகச் செய்தது இல்லை. சக்தி பக்கத்திலேயே, உடம்பு இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்றுதான் அதை வடிவமைக்கிறார்கள்.

பின்ன எதுக்கு எடை எவ்வளவுன்னு கேக்குறீங்க? ரேஷன் கடையா இது?

சூடுதான் காரணம். உடம்பின் ஒவ்வொரு கிலோவும் எவ்வளவு ரேடியோ சக்தியை வாங்கலாம் என்பதற்கு உலகம் முழுக்க ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சாதாரண நிலையில் முழு உடம்புக்குச் சராசரி கிலோவுக்கு 2 வாட், தலைக்கு 3.2 வாட். நாங்கள் எடையைத் தட்டியதும் மெஷின் கணக்குப் போட்டு, அந்த வரம்புக்குள் அலையை நிறுத்திக்கொள்ளும்.

அதனால் எடையை வெட்கப்பட்டுக் குறைத்தோ, தோராயமாகக் கூட்டியோ சொல்லாதீர்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று சொல்லுங்கள், நிறுத்துப் பார்த்துவிடலாம். காய்ச்சல் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கனவே சூடாக இருக்கும் உடம்பால் கூடுதல் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ள முடியாது.

டம டமன்னு அடிக்கே, அந்தச் சத்தம் காயில்ல இருந்துதான வருது?

இல்லை. காயில் சத்தமே போடாது. இடத்துக்கு இடம் காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைக்கும் வேறு சுருள்கள் சுவருக்குள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் சட்டென்று மாறும்போது அவை அதிர்வதுதான் அந்த அடி. காதடைப்பைக் கழற்றாமல் இருங்கள்.

கதவ ஏன் அப்படி இறுக்கிச் சாத்துறீங்க? மூச்சு முட்டுது.

அறையின் சுவர், கூரை, தரை, கதவு எல்லாவற்றுக்குள்ளும் செம்புத் தகடோ வேறு உலோகத் தகடோ பதித்திருக்கிறது. வெளியே காற்று முழுக்க ரேடியோ அலை. உங்கள் உடம்பின் சிக்னல் அதன் முன் கொசுவின் ரீங்காரம் மாதிரி. கதவு ஒரு விரல் இடைவெளி திறந்திருந்தாலும் வெளி அலை உள்ளே நுழைந்து, படத்தின் குறுக்கே கோடு கோடாக விழும். காற்றுக்குத் தனி வழி இருக்கிறது. கையில் தரும் பந்தை அமுக்கினால் அந்த நிமிடமே வந்துவிடுவோம்.

எங்க ஊர்ல 1.5, இங்க 3 டெஸ்லாங்காங்க. 3 தான நல்லது?

இதைக் கேட்காதவர் குறைவு. காந்தம் இரு மடங்கானால் சிக்னலும் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது கணக்கு. மூளையின் சிறு நரம்புக் கோளாறு, வலிப்பு, சிறு மூட்டு போன்றவற்றுக்கு அது உண்மையிலேயே உதவுகிறது.

ஆனால் நல்ல காயில் வைத்து, சரியான இடத்தில் பொருத்தி, ஆள் அசையாமல் எடுத்த 1.5 டெஸ்லா படம், பொருந்தாத காயிலில் எடுத்த 3 டெஸ்லா படத்தைத் தாராளமாக முந்தும். இதை எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். மூட்டுக்கு ஸ்கேன் என்றால் ‘எத்தனை டெஸ்லா’ என்று கேட்பதோடு ‘முட்டிக்குத் தனிக் காயில் இருக்கா’ என்றும் கேளுங்கள். அது உரிமையுள்ள கேள்வி. மேலும் 3 டெஸ்லாவுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, அதை வயிற்றைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

முட்டிக்கு ஒண்ணு, தோளுக்கு ஒண்ணு, கழுத்துக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் ஒரே காயில் போதாதா?

பெரிய காயில் ஒன்று போதும், ஆனால் படம் மங்கும். காயில் சிக்னலை மட்டும் கேட்பதில்லை, உடம்பின் இரைச்சலையும் கேட்கிறது. உடம்புச் சூட்டில் அதன் உப்புநீரில் உள்ள மின்துகள்கள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த இரைச்சல். பெரிய வளையம் வைத்தால் வேண்டாத பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். சிறிய வளையம் தன் அருகில் இருப்பதை மட்டும் கேட்கும். ஆனால் அதன் காது ஆழத்துக்குப் போகாது; தோராயமாக வளையத்தின் ஆரம் அளவுக்குத்தான் நன்றாக எட்டும். எனவே மணிக்கட்டுக்குச் சின்னது, வயிற்றுக்குப் பெரியது.

முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா வந்திருந்தார். விரல் மரத்துப்போகிறது, ராத்திரி தூங்க முடியவில்லை என்றார். கை வலியில் அவரால் கையைத் தலைக்கு மேல் நீட்ட முடியவில்லை. முதலில் வயிற்றுக்கு வைக்கும் பெரிய காயிலை மேலே போட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு ஒரு சாம்பல் திட்டாகத்தான் வந்தது. பிறகு கையை இடுப்போரமாக வைத்து, மணிக்கட்டுக் காயிலை மாட்டி, சுற்றிலும் பஞ்சு கொடுத்து, மறுபடி எடுத்தேன். நரம்பு போகும் அந்தக் குறுகிய சந்தும், அதில் நரம்பு வீங்கி நசுங்கியிருந்ததும் பென்சிலில் வரைந்த மாதிரி தெரிந்தன. மெஷின் அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

பனையிலிருந்து விழுந்து முதுகு அடிபட்டு வருகிறவர்கள் ‘எனக்குக் காயிலே வைக்கலையே’ என்பார்கள். முதுகுத்தண்டுக்கான காயில் நீங்கள் படுத்திருக்கும் டேபிளுக்குள்ளேயே இருக்கிறது. நிமிர்ந்து ஒட்டிப் படுத்தாலே போதும்.

16 சேனல், 32 சேனல்னு போர்டுல போட்டிருக்கே. டிவி சேனல் மாதிரியா?

ஒரு சேனல் என்றால் தனியாகக் கேட்கும் ஒரு காது. மேலே சொன்ன சிக்கலை நினைத்துப் பாருங்கள்: சின்ன வளையம் தெளிவாகக் கேட்கும், ஆனால் சின்ன இடத்தை மட்டும். அப்படியானால் சின்ன வளையங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் என்ன? யோசனை எளிது, தடை வேறு. ஒரே சுரத்துக்குச் சுருதி கூட்டிய இரண்டு வளையங்களை அருகருகே வைத்தால், முதல் பதிலில் சொன்ன இசைத்தூண் மாதிரி, ஒன்று அதிர மற்றதும் அதிரும். யார் என்ன கேட்டார்கள் என்பதே குழம்பிவிடும்.

1990-ல் ஆராய்ச்சியாளர் ரோமரும் அவருடைய குழுவினரும் அதற்கு வழி காட்டினார்கள். பக்கத்து வளையங்களைக் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி, குறிப்பிட்ட அளவுக்கு வைத்தால், ஒன்றின் பாதிப்பு மற்றதில் கழிந்துபோகும். தள்ளி இருக்கும் வளையங்களுக்கு, ஒவ்வொன்றிலும் சிக்னலைப் பெருக்கும் சிறு கருவியையே தனி வகையாக அமைத்து, வளையத்தில் மின்னோட்டம் ஓடாதபடி அடக்கினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் எல்லாப் பல சேனல் காயிலுக்கும் அதுதான் அடித்தளம். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பும் அதுதான்.

சேனல் எண்ணிக்கை கூடினால் எல்லாம் கூடிவிடாது. தலைக்கு 32 சேனல் என்றால் மூளையின் மேற்பரப்பு அபாரமாக வரும். நட்டநடு மூளையில் லாபம் குறைவு, ஏனென்றால் அது எல்லாக் காதுக்கும் தூரம். 

நான் பத்து வருஷம் முன்ன எடுத்தப்ப முக்கால் மணி நேரம் ஆச்சு. இப்ப பதினஞ்சு நிமிஷத்துல வெளிய அனுப்புறீங்க. அரைகுறையா எடுக்கீங்களோ?

நியாயமான சந்தேகம். முன்பு படத்தின் ஒவ்வொரு வரியையும் ஒன்றன்பின் ஒன்றாக அளந்தாக வேண்டியிருந்தது. பல சேனல் வந்த பிறகு, ஒவ்வொரு காதும் வேறு வேறு இடத்தில் இருப்பதே ஒரு தகவல் ஆகிவிட்டது. எந்தக் காதில் எவ்வளவு பலமாகக் கேட்டது என்பதை வைத்து, சத்தம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். எனவே பாதி வரியை அளக்காமல் விட்டுக் கணக்கில் மீட்கலாம். 1997-ல் சோடிக்சனும் மேனிங்கும் ஸ்மாஷ் என்ற முறையைக் காட்டினார்கள், 1999-ல் புரூஸ்மன் குழு சென்ஸ் முறையை, 2002-ல் கிரிஸ்வோல்ட் குழு கிராப்பா முறையை. இப்போது அன்றாடம் எடுக்கும் ஸ்கேனில் பெரும்பாலும் இவற்றின் வழித்தோன்றல் ஏதோ ஒன்று இருக்கும்.

இலவசமாக எதுவும் வரவில்லை. நேரத்தைப் பாதியாக்கினால் சிக்னல் தெளிவு குறைந்தபட்சம் 1.4-ல் ஒரு பங்காக இறங்கும். வளையங்கள் சரியாக அமையாத இடத்தில் இன்னும் இறங்கும். இரைச்சலைக் குறைக்கும் கணினி முறைகள் இப்போது கைகொடுக்கின்றன. ஆனாலும் எங்கே வேகம், எங்கே நிதானம் என்பதை எடுப்பவர் தீர்மானிக்க வேண்டும். வலியோடு படுத்திருப்பவருக்கு, மூச்சை அடக்க முடியாதவருக்கு, குழந்தைக்கு, வேகம்தான் நல்ல படத்தைத் தரும்.

இப்ப போர்வை மாதிரி ஒண்ணப் போத்துறாங்க. அதுவும் காயிலா?

ஆமாம். பழைய உடற்காயில் மரப்பலகை கணக்காக இருக்கும். ஒல்லியான ஆளுக்கும் பருமனான ஆளுக்கும் ஒரே வளைவு, நெஞ்சில் பாரம் வேறு. காயில் தோலை விட்டு விலகினால் சிக்னல் குறையும். அதனால் விறைப்பான செம்புப் பட்டையையும் கனத்த பாகங்களையும் விட்டு, வளையும் கம்பியால் வளையம் செய்து துணிக்குள் வைக்கிறார்கள். பத்தமடைப் பாயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும்: அதே மாதிரி உடம்போடு படியும். தோளில் சுற்றலாம், குதிகாலில் மடிக்கலாம்.

ஆராய்ச்சியில் இன்னும் தூரம் போயிருக்கிறார்கள். 2016-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வளையும் பிளாஸ்டிக் தாளில் மை போல அச்சடித்த காயிலைக் காட்டினார்கள். 2018-ல் நியூயார்க்கில் ஒரு குழு கையுறைக்குள் காயிலைத் தைத்து, விரல்கள் அசையும்போதே படம் எடுத்தது. வளையங்கள் இடம் மாறினாலும் ஒன்றையொன்று குழப்பாதபடி அமைத்ததுதான் அதில் விஷயம். விரலை வைத்துப் பிழைக்கிற ஊர்க்காரனாக அதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

தாலியைக் கழத்தணுமாய்யா? தங்கம்தான, காந்தம் இழுக்காதே?

காந்தம் இழுக்காது, உண்மை. ஆனால் ரேடியோ அலை அதில் மின்சாரத்தை ஓட்டும். மூடிய சங்கிலி என்பது காயில் மாதிரி ஒரு வளையம்தான். அது சூடேறி, தோலைத் தொடும் இடத்தில் புண்ணாக்கலாம். மெட்டி, வெள்ளி அரைஞாண், செம்புத் தாயத்து, கருகமணி கோத்த சங்கிலி, கொண்டை ஊசி எல்லாவற்றுக்கும் இதே நியாயம். பெரியவர்களுக்குத் தாலியைக் கழற்றுவது மனசுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் கொண்டுவாருங்கள். அதைக் கட்டிக்கொண்டு பிறகு தங்கத்தைக் கழற்றலாம். ஸ்கேனுக்கு அது ஒன்றும் செய்யாது.

சேலை ஜரிகையையும் மறக்கக் கூடாது. அசல் ஜரிகையில் வெள்ளி, விலை குறைந்ததில் செம்பு, சிலவற்றில் வெறும் பிளாஸ்டிக் மினுக்கு. பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, எனவே ஸ்கேன் உடைக்கு மாறுவதுதான் வழி. விளையாட்டு உடைகள் சிலவற்றிலும் உலோக நூல் சேர்ந்திருக்கும்.

உலோகமே இல்லாமலும் சூடுபடலாம். இரு தொடையும் ஒட்டியிருந்தால், கைகளைக் கோத்து வயிற்றின் மேல் வைத்தால், உடம்பே ஒரு வளையம் ஆகிவிடும். வேர்வை ஈரம் அதை இன்னும் கூட்டும். நம் ஊர் வெயிலில் வந்தவுடன் படுக்கச் சொல்லாமல் துடைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், காயில் கேபிள் ஒரு பையனின் முழங்கையை உரசிக்கொண்டு கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ‘சுடுது’ என்று அவன் பந்தை அமுக்கினான். வெளியே எடுத்தபோது காசு அளவுக்கு ஒரு கொப்புளம். அன்றிலிருந்து கேபிளுக்கும் தோலுக்கும் இடையில் பஞ்சு வைக்காமல் நான் யாரையும் உள்ளே அனுப்பியதில்லை. சுட்டால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு, கால்ல பிளேட் இருக்கு. எடுக்கலாமா?

இரண்டும் வேறு வேறு. எலும்புக்கு வைக்கும் டைட்டானியம் பிளேட்டோடு பெரும்பாலும் எடுக்கலாம், அந்த இடத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் கெடும். பேஸ்மேக்கரில் முக்கியக் கவலைகளில் ஒன்று அதன் கம்பி. நீளமான கம்பி ஏரியல் போல அலையை வாங்கி, இதயத்தைத் தொடும் நுனியில் சூட்டைக் குவிக்கலாம். இப்போது நிபந்தனையோடு எம்ஆர்ஐ எடுக்கக்கூடிய பேஸ்மேக்கர்கள் இருக்கின்றன. எத்தனை டெஸ்லா, எவ்வளவு ரேடியோ சக்தி என்பது அதன் அட்டையில் வரும். அந்த அட்டை இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவோம், கோபப்படாதீர்கள்.

3 டெஸ்லால வயிறு எடுத்தோம். நடுவுல கருப்பா நிழல் விழுந்திருக்குன்னு டாக்டரு 1.5-ல எடுக்கச் சொல்லுதாரு. ஏன்?

முன்னே சொன்ன தொல்லை இதுதான். உடம்பில் தண்ணீர் அதிகம் என்பதால் ரேடியோ அலை உள்ளே போனதும் சுருங்கிவிடும். 128 மெகாஹெர்ட்ஸ் அலை காற்றில் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். உடம்புக்குள் சுமார் 26 முதல் 30 சென்டிமீட்டர். அது வயிற்றின் அகலத்துக்கு நெருங்கி வருகிறது. அலைகள் ஓர் இடத்தில் கூடி, இன்னோர் இடத்தில் கழிந்துபோகும். கழிந்த இடம்தான் நிழல். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம்.

அலையை அனுப்பும் காயிலை இரண்டு தனி மூலங்களிலிருந்து, வேறு வேறு பலத்தில் ஓட்டினால் நிழல் பெரிதும் குறையும். புதிய 3 டெஸ்லா மெஷின்களில் அந்த வசதி இருக்கிறது. இல்லாத இடத்தில் உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி.

காயில் ரிப்பேரா இருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிய வேண்டும். பல வளையத்தில் ஒன்று செத்துப்போனால் படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கும். அவசரத்தில் பார்ப்பவருக்கு அது நோய் மாதிரியோ ஒன்றுமில்லாத மாதிரியோ தோன்றலாம். தண்ணீரும் உப்பும் நிரப்பிய ஒரு குடுவையை வைத்துக் காயிலை அவ்வப்போது சோதிப்பது அதற்காகத்தான். கேட்கும் காயிலில் டயோடு என்ற சிறு மின் சுவிட்ச் இருக்கிறது. அலை அனுப்பும் நேரத்தில் அது காயிலை ஊமையாக்கும். அது பழுதானால் காயிலே சூடேறும். ஓடு விரிசல் விட்ட, கேபிள் உரிந்த காயிலை ‘இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்’ என்று வைப்பதை எங்கு கண்டாலும் நான் சண்டை போட்டிருக்கிறேன். விரிசலுக்கு டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் நீங்களும் கேளுங்கள்.

களக்காடு, கடையம் மாதிரி ஊருக்கெல்லாம் சின்ன மெஷின் வருமா?

வழி திறந்திருக்கிறது. 0.55 டெஸ்லா முழு உடல் மெஷினும், சக்கரம் வைத்துக் கட்டில் ஓரம் தள்ளிப்போகும் 0.064 டெஸ்லா தலை மெஷினும் சில வருடங்களுக்கு முன்பு சந்தைக்கு வந்துவிட்டன. காந்தம் சிறிதானால் செலவும் எடையும் குறையும், சூடும் குறையும். ஆனால் சுரம் இறங்கிவிடுகிறது. 0.55-ல் சுமார் 23 மெகாஹெர்ட்ஸ், 0.064-ல் 3-க்கும் கீழே. நம் திருநெல்வேலி வானொலியின் மீடியம் வேவ் 1197 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஏறக்குறைய 1.2 மெகாஹெர்ட்ஸ். அந்த அளவுக்கு அருகே வந்துவிடுகிறோம்.

அங்கே ஒரு விஷயம் தலைகீழாகிறது. பெரிய காந்தத்தில் உடம்பின் இரைச்சல்தான் பெரிது. சிறிய காந்தத்தில் உடம்பு அமைதியாகிவிடும், காயிலின் செம்பே போடும் இரைச்சல் பெரிதாகிவிடும். எனவே அங்கே சுற்று எண்ணிக்கை, கம்பியின் தடிமன், மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த கம்பி, குளிர்விப்பது என்று காயில் செய்பவர் கை வைக்கும் ஒவ்வொன்றும் படத்தில் தெரியும். மறுகோடியில் பிரான்சின் சாக்லேயில் 11.7 டெஸ்லா காந்தத்தில் மனித மூளையின் படங்களை 2024-ல் வெளியிட்டார்கள். அங்கே 500 மெகாஹெர்ட்ஸ். அலை சுருங்கும் தொல்லையோடுதான் போராட்டம். கடையத்துக்கு வேண்டியது அது இல்லை. பக்கவாதம் வந்தவரைப் பாளையங்கோட்டைக்கு ஏற்றும் முன், அது ரத்தக்கசிவா அடைப்பா என்று அங்கேயே சொல்ல உதவும் ஒரு சின்ன காந்தமும், அதற்கு ஏற்றபடி பார்த்துப் பார்த்துச் சுற்றிய ஒரு காயிலும்தான்.